முகிலன் அழிக்கச் சொன்ன பதிவு

ஸ்டூடியோ வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் என்னைப் பார்த்தால் கேட்பது பெரும்பாலும் சாமான்களைப் பற்றித்தான். எந்த மைக் வாங்கலாம், டிரம்ஸுக்கு எத்தனை மைக் வைக்கலாம், அந்த மென்பொருள் நல்லதா இந்த மென்பொருள் நல்லதா. அதற்கெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே பதில் இருக்கிறது. என் காதும் இப்போது பழைய காது இல்லை. டிரம்ஸில் சிம்பல் தகட்டைத் தட்டினால் அடி கேட்கிறது. அதன் பின்னால் மெலிதாக இழுத்துக்கொண்டு போகும் ஓசை கேட்பதில்லை. அது தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டேன்.

அதனால் நான் ஓர் ஆல்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதை எப்படிப் பதிவு செய்தோம் என்பதில் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் நிறுத்தினோம், யாரைக் கேட்டோம் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

என் ஸ்டூடியோ ஆயர் ஈத்தாமில், பசார் என்று நாங்கள் சொல்லும் சந்தைக்குப் பின்னால், ஒரு பூஜைச் சாமான் கடையின் மேல்மாடியில் இருந்தது. வருகிறவர்கள் உறுமி மேளக் குழுக்கள், கோயில் பாட்டுக்காரர்கள், தன் கல்யாணத்துக்குத் தானே பாட ஆசைப்படும் மாப்பிள்ளைகள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு நாள் கறுப்புச் சட்டை போட்ட மூன்று பையன்கள் படியேறி வந்து, “அக்கா, இங்க மெட்டல் ரெக்கார்ட் பண்ணலாமா?” என்று கேட்டார்கள். கீழ்க்கடைக்காரர் விளக்குகள் உடையாமல் இருந்தால் பண்ணலாம் என்றேன்.

குழுவின் பெயர் ஏழரை. கிட்டார் வாசித்துப் பாடுவது தினேஷ். பாட்டுக் கட்டுவதும் அவன்தான், பகலில் வங்கியில் வேலை. பேஸ் கிட்டார் நசீர். ஜார்ஜ் டவுனில் அவன் குடும்பத்துக்கு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. மத்தியானக் கூட்டம் அடங்கிய பிறகுதான் வருவான், சட்டையில் மீன் குழம்பு வாசனையோடு. டிரம்ஸ் முகிலன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவன். சின்ன வயதில் தைப்பூசத்துக்கு உறுமி மேளத்தோடு தண்ணீர்மலைக் கோயிலுக்கு அடித்துக்கொண்டே போனவன். பெயர்கூட அவன் வீட்டிலிருந்து வந்ததுதான். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து வாசித்துப் பழகும்போது அவன் அப்பா கத்துவாராம்: “நீங்க மூணு பேரும் சேந்தாலே இந்த வீட்டுக்கு ஏழரை பிடிச்சிருது!” பையன்களுக்கு அது பிடித்துப்போனது. அவர்கள் வாசித்ததும் அப்படிப்பட்ட சங்கீதம்தான். புரோக்ரெசிவ் மெட்டல் என்பார்கள். கிட்டார் இரும்பு அறுப்பது மாதிரி வரும், நடுவில் திடீரென்று தாலாட்டு மாதிரி இறங்கும், தாளம் ஏழில் போகும், ஐந்துக்குத் தாவும். நாலு நாலாகத் தலையாட்டிப் பழகினவனுக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். எனக்கு முதலில் தலை சுற்றியது. பிறகு அவர்கள் வரும் சனிக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

முகிலனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவனைப் போல் கவனமாக வாசிக்கிறவனை நான் பார்த்ததில்லை. உட்காருவதற்கு முன் ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்ப்பான். வாசித்துக்கொண்டிருக்கும்போது ஓர் அடி பிசகினால், மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அவனே குச்சியை உயர்த்தி நிறுத்திவிடுவான். சிரித்துக்கொண்டே, வாசிக்கும் அறைக்கும் என் அறைக்கும் நடுவிலிருந்த கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பான்.

“அக்கா, அத அழிச்சிடுங்க.”

“நல்லாத்தானேடா இருந்துச்சு. யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும் லா, அக்கா.”

ஸ்டூடியோக்காரி எதையும் சட்டென்று அழிப்பதில்லை. ஓரமாக ஒதுக்கி வைப்போம்; ஆல்பம் வெளியான பிறகு துடைப்போம். நாலு பாட்டுக்கு டெமோ, அதாவது முன்மாதிரிப் பதிவு, முடிந்திருந்தது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு என்று தினேஷ் சொன்ன நீளமான பாட்டைப் பாதிவரை எடுத்திருந்தோம். அது மழைக்காலம். இரவு ஷிப்ட் முடிந்து முகிலன் காலையில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். ஈரத்தில் வண்டி சறுக்கியது. பின்னால் வந்த லாரியால் நிறுத்த முடியவில்லை.

நசீர்தான் எனக்குப் போன் செய்தான். பேசவில்லை. கடையில் தட்டுகள் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த மழைக்காலமும் வந்து போன பிறகு தினேஷும் நசீரும் மறுபடி படியேறி வந்தார்கள். கூட ஒரு புது ஆள். பெயர் விக்கி. நிபோங் திபாலிலிருந்து வருகிறான், நன்றாக வாசிப்பான் என்றார்கள். தினேஷ் மெலிந்திருந்தான். “ஆல்பத்த முடிக்கணும் அக்கா. அவனுக்காக” என்றான்.

முதல் நாள் பதிவு ஓடவே இல்லை. விக்கி ஒரு தப்பும் செய்யவில்லை. முகிலன் டெமோவில் வாசித்ததையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து அடி அடியாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. கிட்டார் ஒரு பக்கம் சாய்கிறது, டிரம்ஸ் இன்னொரு பக்கம். ஒவ்வொரு தடவையும் நடுவில் தினேஷ் கையைத் தூக்குவான்.

“முகிலன் அங்க அப்படிப் போக மாட்டான்.”

“சரிண்ணே” என்று விக்கி மறுபடி ஆரம்பிப்பான்.

“இல்ல, அந்த இடத்துல அவன் கொஞ்சம் தாமதிப்பான். உனக்குப் புரியல.”

மத்தியானம்வரை இப்படியே போனது. கடைசியில் விக்கி குச்சிகளைத் தன் மடியில் வைத்தான். கோபப்படவில்லை. “அண்ணே, உங்களுக்கு நான் வேணுமா, அவரு வேணுமா? அவருதான் வேணும்னா என்னால முடியாது” என்றான்.

அறையிலிருந்த நாலு மைக்குகளில் நசீர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

இந்த மாதிரி நேரத்தில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மைக்கில் சமாதானம் பேசாதீர்கள். அது விமான நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும். எழுந்து உள்ளே போங்கள். நான் போய்க் கதவைத் திறந்து வைத்தேன். நசீரிடம், விக்கியைக் கூட்டிக்கொண்டு பசாரில் போய்ச் சாப்பிட்டு வரச் சொன்னேன். தினேஷ் மட்டும் தனக்குச் சாப்பாடு வேண்டாம் என்றான். கழிப்பறைக்குப் போனான்.

அவன் திரும்பி வருவதற்குள் அவன் இடத்தில் உட்கார்ந்து அவன் ஹெட்ஃபோனை மாட்டிப் பார்த்தேன். ஒருவர் நிலைகொள்ளாமல் வாசித்தால் முதலில் அவர் காதில் என்ன விழுகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் சொல்லிக்கொடுத்த ஒரே விஷயம் அதுதான். எங்கள் ஸ்டூடியோவில் ஒவ்வொருவர் பக்கத்திலும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். யார் சத்தம் எவ்வளவு வேண்டும் என்று அவரவரே திருகிக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பாட்டின் அமைப்பு மறந்துவிடக் கூடாது, பழைய டெமோவைத் தன் காதுக்கு மட்டும் கொஞ்சம் விடுங்கள் என்று தினேஷ் காலையில் கேட்டிருந்தான். விட்டிருந்தேன். இப்போது பார்த்தால் அந்தத் திருகு முழுக்க மேலே இருந்தது. விக்கியின் திருகு முழுக்கக் கீழே. காலையிலிருந்து விக்கியின் அடி அவனுக்கு ஹெட்ஃபோனைத் தாண்டி மங்கலாகத்தான் விழுந்திருக்கும், அதுவும் முகிலனோடு மோதும்போது மட்டும். எதிரே ஒருவன் வியர்த்து விறுவிறுக்க வாசித்துக்கொண்டிருக்க, இவன் முகிலனோடு வாசித்துக்கொண்டிருந்தான்.

வேகம் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொருவனும் அடியை எங்கே வைக்கிறான் என்பது அவனவன் நடை மாதிரி. முகிலன் ஓர் இழை பின்னால் வைப்பான், விக்கி ஓர் இழை முன்னால். அந்த இடைவெளியில்தான் பாட்டு விழுந்துகொண்டிருந்தது.

தினேஷ் வாசலில் நின்று என்னைப் பார்த்தான். என் தலையில் அவன் ஹெட்ஃபோன். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“நசீர் கிட்ட சொல்லாதீங்க அக்கா.”

“சொல்ல மாட்டேன். உக்காரு.”

உட்கார்ந்தான். கை பெட்டியின் அந்தத் திருகுக்குப் போனது. “அத எறக்கிட்டா அவன் போயிருவான்” என்றான்.

போனவன் போனவன்தான் என்று சொல்லலாம். அது அவனுக்குத் தெரியாதா? நானும்தான் அந்த டெமோவை எத்தனையோ காலை வேளைகளில், வேலை ஒன்றும் இல்லாதபோது, போட்டுக் கேட்டிருக்கிறேன். “நான் எறக்க மாட்டேன்பா. உன் பெட்டி அது. நீயே பாத்துக்க” என்றேன். எழுந்து வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

இங்கேதான் உங்களில் பலர் அவசரப்படுவீர்கள். என் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், டெமோ நின்றுவிடும். வேலையும் நடக்கும். ஆனால் அது வேறொருவர் பிடுங்கினதாக இருக்கும். சிலதை அவரவர் கையால்தான் இறக்கி வைக்க வேண்டும்.

மற்ற இருவரும் திரும்பி வந்தபோது தினேஷ் ஹெட்ஃபோனைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தான். ஸ்பீக்கரை அறைக்குள்ளேயே திறந்துவிடச் சொன்னான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கலாம் என்றான். நாற்காலியை விக்கிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“நீ எப்படிப் போறியோ போ தம்பி. நான் வரேன்” என்றான்.

மைக்குகளிலெல்லாம் ஒருவர் சத்தம் இன்னொருவருடையதில் வழிந்தது. பாடப்புத்தகப்படி அது கெட்ட பதிவு. ஆல்பத்தில் இருப்பது அதுதான்.

அதற்குப் பிறகு ஆல்பம் நல்லபடியாக வளர்ந்தது. கடைசிப் பாட்டில்தான் வம்பு வந்தது.

தினேஷுக்கு ஓர் எண்ணம் இருந்தது. முகிலன் பாதியில் நிறுத்திய பதிவு ஒன்று என்னிடம் இருந்தது அல்லவா? அதில் அவன் அருமையாக ஏறிக்கொண்டே போவான். ஐந்திலிருந்து ஏழுக்கு மாறும் இடத்தில் கை தடுமாறும். நிறுத்திச் சிரித்து, “அக்கா, அத அழிச்சிடுங்க” என்பான். அதை அப்படியே ஆல்பத்தின் முடிவாக வைக்க வேண்டும் என்றான் தினேஷ். அவன் சிரிப்போடு எல்லாம் நின்றுவிட வேண்டும். கேட்கிறவன் அழாமல் இருக்க முடியாது.

அது உண்மைதான். நசீர் மட்டும் பேஸ் கிட்டாரைத் துடைத்துக்கொண்டே, “அவன் கிட்ட கேக்க முடியாதே” என்றான்.

“அவங்க வீட்டுல கேளுங்க” என்றேன்.

“அங்கிளுக்கு மெட்டல்னாலே ஆகாது அக்கா. வேண்டாம்னுதான் சொல்வாரு. கேட்டு என்ன ஆகப்போகுது?”

“கேக்காம நான் அதத் தொட மாட்டேன் தினேஷ்.”

அவன் முகம் சிவந்துவிட்டது. “அப்ப கோலாலம்பூர்ல வேற ஸ்டூடியோ பாத்துக்கிறோம். பதிவெல்லாம் எங்களோடதுதானே?” என்றான். ஆமாம், அவர்களுடையதுதான். கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவன் படியிறங்கிப் போய்விட்டான். இத்தனை காலம் கட்டிய ஆல்பம் என் வாசலிலேயே உடைந்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. அவர்களை இழக்க எனக்கு மனமில்லை. ஒரு போன் செய்து சரி என்று சொல்லிவிடலாமா என்று அந்த வாரம் முழுக்க நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நசீர் முகிலனின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். பின்னால் தினேஷ், யார் முகத்தையும் பார்க்காமல். நசீர்தான் இருவர் வீட்டுக்கும் போய் அழைத்து வந்திருக்கிறான்.

முகிலனின் அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சுவரெல்லாம் ஒட்டியிருந்த பஞ்சுப் பலகைகளைப் பார்த்தார். “இங்கதான் வருவானா?” என்றார்.

“ஆமாண்ணே. அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காருவான்.”

விஷயத்தைச் சொன்னோம். அவர் தலையசைத்தார். பதிவை ஓட விட்டேன். முதல் அடி விழுந்ததும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். டிரம்ஸ் ஏறிக்கொண்டே போனது, தடுமாறியது, நின்றது. சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் குரல்.

அவர் ஸ்பீக்கர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “இன்னொரு வாட்டி போடும்மா” என்றார். போட்டேன். பிறகு, “அவன் தப்பு இல்லாம வாசிச்சது ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார். டெமோ பாட்டு ஒன்றிலிருந்து முகிலனின் டிரம்ஸை மட்டும் தனியாகப் பிரித்துப் போட்டேன். நீளமான பாட்டு அது. முழுக்கக் கேட்டார். கண்ணை மூடவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த காலி முக்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும் தினேஷைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, மொதல்ல போட்டதுல அவன் தப்பு பண்றான். அவனே அழிக்கச் சொல்றான். அப்புறம் ஏன் அதப் போடணும்?”

“அதுலதான் அங்கிள் அவன் குரல் இருக்கு.”

“உனக்கு அவன் குரல் வேணும்” என்றார். “எனக்கும் வேணும்பா. வீட்டுல அந்த ரூமத் தாண்டிப் போறப்பல்லாம் வேணும். அதுக்காக, அவன் வேண்டாம்னு சொன்னத ஊருக்கே எடுத்துக் காட்டலாமா? சட்டைய அயர்ன் பண்ணாம வேலைக்குப் போக மாட்டான் அவன்.”

தினேஷ் சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்து அழுதான். அந்தச் சாவுக்கு அவன் அழுது நான் பார்த்தது அப்போதுதான். பெரியவர் எழுந்து போகவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

கிளம்பும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, “அந்தப் பேசினது… அத எனக்குத் தனியா எடுத்துக் குடுப்பியா தங்கச்சி? நான் யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன்” என்றார்.

என்னிடம் இருந்ததை அவருக்கே கொடுத்தேன். பிரதி வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டிருக்கலாமே என்று இன்றைக்கும் சில காலைகளில் தோன்றும்.

உங்களுக்கும் இது வரும். இறந்தவர்களின் குரல் உங்கள் கணினியில் இருக்கும், அதை என்ன வேண்டுமானாலும் செய்ய உங்களுக்குக் கருவி இருக்கும். கேட்பவர்கள் நெகிழ்ந்துபோவார்கள் என்பதும் தெரியும். அந்த நேரத்தில் இந்தப் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். போனவருக்குத் தன் வேலையைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. நம் ஏக்கத்தைவிட அது கொஞ்சம் பெரியது.

கடைசிப் பாட்டை விக்கியோடு முதலிலிருந்து முடிவுவரை புதிதாக எடுத்தோம். ஐந்திலிருந்து ஏழுக்கு மாறும் இடத்தை விக்கி தன் வழியில் கடந்தான். தினேஷ் அந்த இடத்தில் பாட வேண்டிய ஒரு வரியைப் பாடாமல் விட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆல்பம் முழுக்கத் தேடினாலும் முகிலனின் ஓர் அடி கிடையாது. அட்டையில் பெயர் மட்டும் இருக்கிறது, உறுப்பினர்களில் முதலாவதாக.

வெளியீடு ஜார்ஜ் டவுனில் ஒரு சின்ன மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நடந்தது. கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முகிலனின் அப்பா. ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், என் அருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். காதுக்கு வைக்கப் பஞ்சு கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், வைக்கவில்லை. மகன் இருந்தபோது ஒரு நிகழ்ச்சிக்கும் போகாத மனிதர், அன்றைக்குக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனோம். தினேஷ் வந்து அவர் காலைத் தொட்டான், நசீர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். விக்கி தள்ளியே நின்றான். அவருக்கு முன்னால் நிற்க அவனுக்குக் கூச்சம். பெரியவர்தான் அவனிடம் போனார். கைகொடுத்தார். விக்கி முகத்தைச் சுளித்துக் கையை இழுத்துக்கொண்டான். “இல்ல அங்கிள், கையெல்லாம் கொப்புளம்.”

“காட்டு.”

விக்கி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தான். கட்டை விரலுக்குப் பக்கத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. விரல் மடிப்புகளில் பழைய காய்ப்புகள். பெரியவர் விளக்குப் பக்கம் அவனைத் திருப்பி, அந்தக் கைகளைக் கிட்டத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

“இது டிரம்ஸ் அடிச்சா வர்றதா?”

“ஆமா அங்கிள். எல்லாருக்கும் வரும்.”

அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். “அவனுக்கும் இதே எடத்துல இருக்கும்” என்றார். “மெஷின்ல சுட்டுருச்சுப்பான்னு சொல்லுவான். நானும் சூப்பர்வைசர் கிட்ட கையுறை கேளுடா, கேளுடான்னு சொல்லிக்கிட்டே மருந்து போட்டு விடுவேன்.”

விக்கியின் கைகளை அவர் விடவில்லை. அவனும் இழுத்துக்கொள்ளவில்லை.